இரண்டே முக்கால் மில்லிமீட்டர்

9 ஜூன் 2024, ஞாயிறு

வீடியோவை ஒரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். கிடார் செய்வதைப் பலகை அறுப்பது முதல் கம்பி கட்டுவது வரை இரண்டு வருடம் முன்பு பதினான்கு பகுதிகளாகப் போட்டேன். அதில் மேல்பலகை இழைக்கும் ஆறாம் பகுதிக்குத்தான் இத்தனை கூட்டம். "பெரிய பெரிய ஆளுங்க மூடி வெக்கிறத உப்பளம் ஏரியாவுல ஒருத்தர் தொறந்து காட்டறாரு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மனைவி ஹேமாவிடம் படித்துக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

சேலத்துக்காரர் ஒருவர், தான் செய்த கிடாரின் மேல்பலகை குழிந்துவிட்டது என்று படத்துக்கு லிங்க் போட்டிருந்தார். அந்தக் கமெண்டை அழித்துவிட்டேன்.

23 ஜூன், ஞாயிறு

காலை பத்து மணிக்கு ஓர் அம்மா பட்டறைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் கலைமகள், ரெட்டியார்பாளையம், மருத்துவ லேபில் வேலை. பழைய போர்வையில் சுற்றிய கிடாரைக் குழந்தையை இறக்குவதுபோல மேசையில் வைத்தார்.

"நானே செஞ்சது சார். உங்க வீடியோ பாத்துதான். தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பேரக் கெடுத்துட்டேன்."

பிரித்துப் பார்த்தேன். ஓட்டைக்குப் பக்கத்தில் பலகை உள்வாங்கி, கம்பி கட்டும் பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறுபோல உப்பி, பிரிட்ஜே பாதி பெயர்ந்து நின்றது. ஆனால் வேலை! மூட்டு ஒவ்வொன்றும் மயிரிழை பிசகாமல் இருந்தது. பதினோரு மாதம் செய்தாராம். கணவர் வெற்றிவேல் கம்பெனி வேலை போக, கச்சேரிகளில் கிடார் வாசிப்பவர். கலைமகளின் தம்பி கல்யாண வரவேற்பில் இதைத்தான் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து இவரே கொடுத்திருக்கிறார். இரண்டாவது பாட்டில் மேடையிலேயே பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்களாம்.

"இதுக்குத்தான் கடையில வாங்கலாம்னேன், உனக்கு எதுக்கு இந்த வேலைன்னாரு. அவரு சொன்னதுலயும் தப்பில்ல."

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நான் வீடியோவில் சொன்ன ஒவ்வொரு அளவும் தேதி போட்டு எழுதப்பட்டிருந்தது. மேல்பலகை — 2 மி.மீ. அடியில் சிவப்பு மையில் கோடு.

"ரெண்டுன்னு சொன்னீங்க. ரெண்டுதான் வச்சேன். ஆனா ரெண்டு மூணு எடத்துல ஒண்ணு புள்ளி ஒம்போது ஆயிடுச்சு சார். அதான தப்பு?"

என் பலகைகள் இரண்டே முக்கால்.

"ஆமாம்மா. அதான்" என்றேன்.

24 ஜூன்

ஆமாம்மா, அதான்.

30 ஜூன், ஞாயிறு

ஒரு வாரமாக அந்த கிடார் மேசையில் கிடக்கிறது. சரி செய்து தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அதை எதிரில் வைத்துக்கொண்டு வேறு வேலை ஓடவில்லை.

எழுதித் தொலைக்கிறேன். அந்த அளவுக்கு வந்துசேர எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆனது. ஏழு கிடார்கள் குழிந்து, எட்டாவதுதான் நின்றது. அதை எவனோ ஒருவன் நாற்காலியில் சாய்ந்தபடி பத்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டு போவதா? அந்த எரிச்சல் எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அப்படியென்றால் சொல்லாமல் இருந்திருக்கலாம். காட்டாதவன் கெட்டவன் இல்லை. அவன் கதவைச் சாத்தியிருக்கிறான் என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியும். எல்லாவற்றையும் கொட்டிக் காட்டுகிற மேதைகளும் இருக்கிறார்கள். நான் இரண்டும் இல்லை. எல்லாம் காட்டுகிறவன் என்ற பெயரும் வேண்டும், அளவும் என்னிடமே இருக்க வேண்டும். அதனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே குழி வெட்டினேன்.

இரவு சாப்பிடும்போது ஹேமா கேட்டாள். "அந்தம்மா கிட்டார் என்னாச்சு?"

"கொஞ்சம் அதிகமா தேய்ச்சிட்டாங்க."

"ஏங்க, ஃபோனப் புடிச்சவ நானு. மொதல்ல ரெண்டே முக்கால்னுதான் சொன்னீங்க. அப்புறம் 'நிறுத்து, மறுபடி எடு'ன்னு ரெண்டுன்னு சொன்னீங்க. வாய் தவறிடுச்சு, சரி பண்றீங்கன்னு நெனச்சேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "இல்லன்னு எப்பவோ தெரிஞ்சிபோச்சு. நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்."

7 ஜூலை

வீடியோவுக்குக் கீழே உள்ள குறிப்பில் 'மேல்பலகை: 2.75' என்று ஒரு வரி சேர்த்தேன். கடைசி வரியாக. அதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் சேர்த்தேன். சீ.

28 ஜூலை

புதிய பலகை ஒட்டியாகிவிட்டது. என்னிடம் இருந்ததிலேயே நல்ல பலகை. அதைப் போட்டதால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று உள்ளே ஒருவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

கிடாரோடு ரெட்டியார்பாளையம் போனேன். கலைமகள் டீ போட்டுக் கொடுத்தார். கிடாரை மடியில் வைத்து ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். முகம் மலர்ந்தது.

"எப்படி சார் இப்டி வருது? என் கைக்கு ஏன் வரல?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "உங்க கையில குத்தமில்லம்மா. ரெண்டுங்கறது பொய். வேணும்னே சொன்னேன். நான் வெக்கிறது ரெண்டே முக்கால்."

கம்பியின் மேல் கையை வைத்து ஒலியை நிறுத்தினார்.

"அன்னிக்கு உங்க பட்டறையில நான் உக்காந்து கேட்டேனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் ஆமான்னீங்களா?"

தலையை ஆட்டினேன். அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவரு இங்க மேட்டுப்பாளையம் கம்பெனியில ஷிஃப்ட் முடிச்சி ரெண்டரைக்கு வருவாரு. இருந்து, இத அவருகிட்டயும் உங்க வாயாலயே சொல்லிட்டுப் போங்க."

மணி பன்னிரண்டே கால். அவர் உள்ளே போய்விட்டார். குக்கர் சத்தம் கேட்டது. டீ ஆடை படிந்து என் முன்னால் இருந்தது. குடிக்கலாமா என்றுகூடத் தெரியவில்லை. அவ்வளவு நேரம் ஒரு வீட்டில் எனக்கென்று எந்த மரியாதையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது என் ஐம்பத்தாறு வயதில் இதுதான் முதல்முறை.

வெற்றிவேல் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உள்வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"அத்தினி பேர் முன்னால உன்ன என்னெல்லாம் சொன்னேன்..."

பிறகு என்னிடம், "நீங்க கெளம்புங்க சார்" என்றார். கத்தவில்லை.

12 ஆகஸ்ட், திங்கள்

ஹேமா ஃபோனைப் பிடித்தாள். ஒரே தடவைதான் எடுத்தோம். அளவைச் சொன்னேன். முன்பு சொன்னது தவறு அல்ல, பொய் என்றும் சொன்னேன். அப்படியே போட்டுவிட்டோம்.

20 ஆகஸ்ட்

ஆர்டர் கொடுத்த இருவர் வேண்டாம் என்றுவிட்டார்கள். சேலத்துக்காரர் எழுதியிருக்கிறார்: "என் கமெண்ட்ட அழிச்சது நீங்கதானா?" ஆமாம் என்று பதில் போட்டேன். அவருக்கு ஒரு பலகை அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம்.

18 பிப்ரவரி 2025, செவ்வாய்

ஹேமா காட்டித்தான் தெரியும். கலைமகள் தன் பெயரிலேயே வீடியோ போடுகிறார், இரண்டாவது கிடார். ஒவ்வோர் அளவையும் அளவெடுக்கும் காலிப்பரோடு கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டுகிறார். யாரிடம் கற்றீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, "ஒண்ண ஒடச்சிக் கத்துக்கிட்டேன்" என்று எழுதியிருந்தார். என் பெயர் எங்கும் இல்லை, குறை சொல்வதற்குக்கூட. அதுவே அவர் எனக்குச் செய்த மரியாதை.

நான்காம் பகுதியில், பலகைக்கு அடியில் ஒட்டும் நீளக் குச்சியின் நுனியை அவர் இழைக்கும் விதம் எனக்குத் தெரியாதது. அதனால் தடித்த அடிக்கம்பி அவ்வளவு தெளிவாகப் பேசுகிறது. எல்லோரையும்போல நானும் கீழே கேட்டேன்: நுனியில் எவ்வளவு உயரம் விடுகிறீர்கள்?

ஒரு மணி நேரத்தில் பதில். "ஒன்றரை மில்லி, சார்."

உண்மையான அளவுதானா என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் கூசிப்போய், எடுத்த உளியைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு ஒன்றரைக்கே இழைத்தேன்.