பாறைப்பாசிச் சாறும் பாப்பாவின் கன்னமும்

ஜனவரி 6, செவ்வாய்

எங்கள் க்ரீம் கம்பெனி லேபுக்குப் புதுச் சரக்கு வந்திருக்கிறது. பாறைப்பாசிச் சாறு. பழுப்புப் புட்டி, ஈரப் புல் வாசனை. வெயிலையும் பனியையும் தாங்கிப் பாறையில் ஒட்டிக் கிடக்கும் பாசி, நம் தோலையும் தாங்க வைக்குமாம். துண்டுப் பிரசுரம் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் ஆமை ஓட்டை அரைத்துப் பூசிக்கொள்ளலாமே. நத்தைச் சளி வந்தது, தங்கத்தூள் வந்தது, புளித்த அரிசித் தண்ணீர் வந்தது. எல்லாம் கொஞ்ச நாள் கூத்து.

முதலாளி சொன்னார்: "சந்தேகப் பிராணி நீங்கதான் இருக்கீங்களே, நல்லா சோதிச்சுப் பாருங்க. ஆனா சீக்கிரம். அடுத்த கம்பெனிக்காரன் முந்திக்குவான்."

வழக்கம்போல என் கையிலிருந்தே தொடங்கினேன். இரண்டு முழங்கை மடிப்பிலும் எனக்குப் பழைய அரிப்பு உண்டு. இடது கையில் சாறு கலந்த க்ரீம், வலது கையில் அதே க்ரீம், சாறு இல்லாமல். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் பிரசுரம் மட்டும்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஜனவரி 9, வெள்ளி

இடது கை அடங்கிவிட்டது. சிவப்பு இல்லை, சொரசொரப்பு இல்லை. தடவிய இடம் மட்டும் சுற்றியுள்ள தோலைவிட வெளுத்திருக்கிறது. வலது கை பழையபடியே.

முதலாளி ஜன்னல் பக்கம் வரச் சொல்லிப் பார்த்தார். "இதான் பொலிவு. இதையே விளம்பரத்துல போட்டுடலாம்" என்றார். சிரித்தேன். இத்தனை வருஷத்தில் சொன்னதைச் செய்த பொருளை நான் பார்த்ததே இல்லை. சந்தோஷமாக இருக்கிறது. எழுதவே கூச்சமாகவும் இருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

தங்கச்சி வீட்டுக்குப் போனேன். பாப்பா பிறந்ததிலிருந்து அவள் முகம் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை என்று அழுதாள். பையிலிருந்த பாசி க்ரீம் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

"நிஜமாவே நல்லதா, இல்ல உங்க ஆளுங்க விடற கதையா?"

"என் கையிலயே போட்டுப் பாத்துட்டேன்டி. வெறும் பாசிதான்."

பாப்பாவுக்குக் கன்னமெல்லாம் வறண்டு செதில் விட்டிருக்கிறது. என் தோள்பட்டையில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சொரிந்துகொண்டாள். எங்கள் குடும்பச் சொத்து, அரிப்பு.

பிப்ரவரி 22, ஞாயிறு

பாப்பாவின் கன்னம் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. ஆளும் உருண்டு திரண்டுவிட்டாள், தூக்கினால் கை வலிக்கிறது. மாடிப்படியில் எதிரே வந்தவர்கள்கூட நின்று கொஞ்சிவிட்டுப் போகிறார்கள். வயது ஏறினால் அரிப்பு தானே போய்விடும் என்று சொல்வார்கள், போய்விட்டது போல.

தங்கச்சி மூன்றாவது டப்பா கேட்டாள். அதற்குள் தீர்ந்துவிட்டதா என்று கேலி செய்துவிட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 9, திங்கள்

கை எரிகிறது. எனக்கென்று கலந்து வைத்தது போன வாரமே தீர்ந்தது, மறுபடி கலக்கச் சோம்பல். இன்று காலையில் பார்த்தால் இடது முழங்கை நெருப்பாகச் சிவந்து, முன்பு அரிப்பே இல்லாத இடம் வரை பரவியிருக்கிறது. வலது கை சாதாரணமாக இருக்கிறது.

போட்டால் மூன்றே நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் சீறுகிறது. போட்ட இடம் வெளுக்கிறது. பாசி இப்படியெல்லாம் செய்யுமா? இப்படிச் செய்கிற ஒரு மருந்தை எனக்குத் தெரியும். கல்லூரியில் படித்ததுதான். அந்த வெளுப்பைப் பார்த்தபோதே மண்டையில் உறைத்திருக்க வேண்டும். பொலிவாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

மருந்துக்கடையில் ஸ்டீராய்டு ஆயின்மென்ட் ஒன்று வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்பாக லேபுக்குப் போனேன். அதில் ஒரு பொட்டு, பாசிச் சாற்றில் ஒரு பொட்டு, கலவையில் இருப்பதைப் பிரித்துக் காட்டும் ஒரே தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஏற்றி ஓட்டினேன். விளக்கடியில் பிடித்தால் இரண்டு புள்ளியும் ஒரே உயரத்தில் நிற்கின்றன, இரண்டிலும் ஒரே மருந்து. இன்னொரு தகடு. அதிலும் அப்படியே.

சரக்கு விற்றவன் பாசியில் மருந்தைக் கலந்து அனுப்பியிருக்கிறான். அதுவும் வீரியமான மருந்து.

தங்கச்சிக்குப் போன் செய்தேன். முகத்தில் போடாதே என்றதும் அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "நான் எங்க போடறேன்க்கா, எல்லாம் பாப்பாவுக்குத்தான். கன்னத்துல ரெண்டு வேளை. டயப்பர் சிவப்புக்கும் அதான். நீதானே வெறும் பாசின்னு சொன்னே."

கடவுளே. டயப்பருக்குள்ளேயா. மூடி வைத்த இடத்தில் எவ்வளவு உள்ளே இறங்கும். மூன்று டப்பா. அந்த உருண்டை முகம் வளர்ச்சி இல்லை, வீக்கம். ஊரே கொஞ்சியது, நானும்தான் கொஞ்சினேன்.

உடனே தூக்கிப் போடு, இனி ஒரு சொட்டு படக்கூடாது என்று கத்தினேன். அவளும் பயந்துபோய்க் குப்பையில் போட்டுவிட்டாளாம். அப்பாடா.

மார்ச் 12, வியாழன்

முதலாளியிடம் தகடுகளைக் காட்டினேன். பார்க்காமலே பேசினார். "சரக்குக்காரன் சுத்தம்னு சான்றிதழ் கொடுத்திருக்கான். நம்மகிட்ட காகிதம் இருக்கு. வெளியில அனுப்பிச் சோதிச்சா தெரிஞ்சுடும். தெரிஞ்சா நாமதான் பதில் சொல்லணும்." அடுத்த வாரம் க்ரீம் கடைக்குப் போகிறதாம்.

தங்கச்சி போனில் சொன்னாள், பாப்பா சரியாகப் பால் குடிக்கவில்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறாள். பல் முளைக்கிற நேரம், அதனால் இருக்கும் என்றாள். இருக்கும் என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் இரண்டு முறை வாந்தி. நான் போய்ச் சேர்ந்தபோது பாப்பா துணி மாதிரி துவண்டு கிடந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள், என்னைத் தாண்டி எங்கேயோ பார்க்கிறாள். வழியெல்லாம் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தோம்.

உள்ளே போகும்போது முதலாளி போன். விஷயத்தைச் சொன்னேன். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. "ஆஸ்பத்திரில கம்பெனி பேரெல்லாம் எடுக்காதீங்க. ஏதோ வாந்தி, சரியாயிடும்" என்றார்.

டாக்டரம்மா என்ன கொடுத்தீர்கள், என்ன தடவினீர்கள் என்று கேட்டார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன். மருந்தின் பெயர், எத்தனை நாள், எங்கெங்கே, எந்தக் கம்பெனி, நான் யார். பையில் எடுத்து வந்திருந்த சாற்றுப் புட்டியையும் மேஜையில் வைத்தேன்.

அவர் நர்சிடம் ஊசி மருந்து ஒன்றை அவசரமாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "எப்ப நிறுத்தினீங்க?"

"செவ்வாய்க்கிழமை. ஒரேயடியா."

"ஒரேயடியாவா நிறுத்தினீங்க? இந்த மருந்து மாதிரி ஒண்ணை உடம்பே சுரக்கும். வெளியிலேர்ந்து வந்துக்கிட்டே இருந்தா அது தானா சுரக்கிறதை நிறுத்திடும்மா. திடீர்னு வெளியிலயும் நின்னுட்டா குழந்தைகிட்ட ஒண்ணுமே இல்ல. டாக்டர்கிட்ட கேட்டுட்டு, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிருக்கணும்."

எனக்கு மருந்து தெரியும், தகடு தெரியும். குழந்தை உடம்பு தெரியவில்லை. தெரியாமலே கத்தினேன். முதலில் கொடுத்து ஒரு தப்பு, அப்புறம் பிடுங்கி ஒரு தப்பு.

தங்கச்சி என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர்ச் சுவரோரம் நிற்கிறாள்.

மார்ச் 14, சனி

விடிகிற நேரத்தில் பாப்பா அழுதாள். நல்ல உரத்த அழுகை. நானும் அழுதேன்.

மார்ச் 20, வெள்ளி

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் மருந்து, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். நடுவில் ஜுரமோ வாந்தியோ வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாதாம், அந்த உடம்பால் தாங்க முடியாதாம். ஜுரம் வராத குழந்தை உலகத்தில் உண்டா?

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டேன். டாக்டரம்மாவும் எழுதிக் கொடுத்தார். கடைக்குப் போகக் காத்திருந்த பெட்டிகளுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். நாளை முதல் வர வேண்டாம் என்று முதலாளி ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். போகட்டும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஜுரம் வந்தது. தங்கச்சி வீட்டுக்காரர் போன் செய்தபோது எனக்குச் செருப்பு போடத் தோன்றவில்லை, வெறுங்காலோடு ஓடினேன். ஆஸ்பத்திரியில் மருந்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். ஜுரம் இறங்கிவிட்டது. எனக்குத்தான் இன்னும் இறங்கவில்லை.

பாப்பாவைத் தூக்கக் கை நீட்டினேன். தங்கச்சி மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

மே 5, செவ்வாய்

போன் அடித்தாலே முதலில் செருப்பைத் தேடுகிறேன். இன்றைக்கு அடித்தது சிலிண்டர் கொண்டுவரும் கேஸ்காரர்.

மே 27, புதன்

புது வேலைக்கு நேர்காணல். பூஞ்சையிலிருந்து எடுத்த ஏதோ புதுச் சாறாம், மேஜையில் வைத்து, எப்படி இருக்கிறது என்றார்கள். தெரியாது என்றேன். தோராயமா சொல்லுங்க என்றார்கள். தெரியாது என்றேன். வேலை கிடைக்காது.

ஜூன் 21, ஞாயிறு

ரத்தப் பரிசோதனை முடிவு நேற்று வந்துவிட்டது. பாப்பாவின் உடம்பு தானே சுரக்கத் தொடங்கிவிட்டது, மருந்தை நிறுத்தியாயிற்று. இதை எனக்குச் சொன்னது தங்கச்சி இல்லை, அவள் வீட்டுக்காரர்.

இன்று போனேன். அவளுக்குக் கடைக்குப் போக வேண்டியிருந்தது, வீட்டில் வேறு யாரும் இல்லை. வாசலில் செருப்பை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "கையைக் கழுவிட்டுத் தூக்கு."

சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். துடைத்துவிட்டு இன்னொரு முறை கழுவினேன்.

பாப்பா இளைத்துவிட்டாள். முகத்தில் தங்கச்சியின் தாடை தெரிகிறது. கன்னம் இரண்டும் சிவந்து, செதில் விட்டு, சொரசொரவென்று இருக்கின்றன. என் தோள்பட்டையில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சிணுங்கினாள். அலமாரியில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த களிம்பு இருந்தது. எடுக்கவில்லை. அவள் அம்மா வந்து போடட்டும் என்று, அதுவரை தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.