நான்கு மூலை மடித்த ரொட்டி

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் வீட்டாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

இன்று காலை கண் விழித்ததும் முகம்கூடக் கழுவாமல் நம் நாய் வக்கீலின் மூச்சைத்தான் எண்ணினேன். தூக்கத்தில் நிமிடத்துக்கு இருபத்திரண்டு. முப்பதைத் தாண்டினால் உடனே தூக்கி வரச் சொல்லியிருக்கிறார் நாய் டாக்டரம்மா. மூச்சு சரிதான். நெஞ்சில் கை வைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஒரு துடிப்பு வந்தபின் அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. சொல்லுக்குச் சொல் எதிர்த்துக் குரைக்கிறான் என்று அப்பா பெயர் வைத்த நாய், இப்போது வாதாடுவதே இல்லை.

உனக்கு ஒன்று தெரியாது. அப்பாவின் இதயத்துக்கு நீ அனுப்பிய முள்பழ மூலிகைப் பொடியை அவர் தனியாகச் சாப்பிட்டதில்லை. ரொட்டித் துண்டில் வைத்து, நான்கு மூலையையும் உள்ளே மடித்து, கட்டைவிரலால் அழுத்தி வக்கீலுக்கும் கொடுப்பார். "ரெண்டு பேருக்கும் ஒரே ரிப்பேர். எதுக்கும்மா வேற வேற மருந்து?" என்று என் வாயை அடைப்பார்.

அவர் போனபின் டாக்டரம்மாவிடம் சொன்னேன். பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "மீன் எண்ணெய் கொடுங்க, வேணாம்னு சொல்லல. இந்தப் பொடியும் என் மாத்திரையும் சேர்ந்தா துடிப்பு குறைஞ்சுகிட்டே போய் நின்னுடும். மூலிகைன்னா பச்சைத் தண்ணின்னு நெனச்சீங்களா?" என்றார். அன்றே டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மூடியில் அப்பாவின் கையெழுத்து இருந்ததால் எறிய மனம் வரவில்லை.

மூன்று வாரமாக, காலையில் வக்கீலின் தட்டில் பாதி தின்ற ரொட்டி கிடக்கிறது. மூலைகள் மடித்த ரொட்டி. எனக்கு அந்த மடிப்பு வராது. எத்தனை முறை செய்தாலும் பிரிந்துகொள்ளும். வாசல் கதவு உள்ளே தாழிட்டபடியே இருக்கிறது. பூட்டிய அலமாரிக்குள் டப்பாவில் பொடி மட்டும் குறைந்தது. போன வாரம் மிச்சத்தையும் கொட்டி, டப்பாவைக் குப்பை வண்டியில் போட்டேன். இன்றும் ரொட்டி கிடந்தது.

வக்கீல் அப்பாவின் நாற்காலியைப் பார்ப்பதில்லை. நான் உள்ளே வந்தால் என்னைத்தான் பார்க்கிறான். அப்பாவுக்கு மட்டும் செய்வது போல வாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டுகிறான். இன்று என் கட்டைவிரல் நகக்கண்ணில் செம்பழுப்பாகப் பொடி இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன். வாசனை போகவில்லை.

உன் மேல் எந்தத் தப்பும் இல்லை. நல்லெண்ணத்தில்தான் அனுப்பினாய்.

பத்து மணிக்கு வக்கீலை டாக்டரம்மாவிடம் கொண்டுபோகிறேன். காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டி வருவதற்கு இல்லை, அங்கேயே விட்டுவிட. இதை அவரிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. என் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் அவன் பிழைத்துக்கொள்வான்.

உடம்பைப் பார்த்துக்கொள். லீவில் இங்கே வரும்போது, வெளியே சாப்பிட்டுவிட்டே வா.

உன் அக்கா