ஆயில் தானாக ஏறாது

அண்ணா,

அப்படிக் கூப்பிடவே இன்று மனசு வரவில்லை. லாரியை எடுக்காதே. சாவி என் பையில் இருக்கிறது, வீட்டைப் புரட்டிப் போடாதே.

டேங்கிலிருந்து டீசல் இழுக்கும் புது பம்ப்பை மாட்டி, மீட்டரைப் பார்த்துப் பார்த்து பிரஷரை வைத்தவள் நான். யாராவது கை வைத்தால் தெரியட்டும் என்றுதான் பிரஷர் திருகுக்கும் அதன் நட்டுக்கும் குறுக்கே நெயில் பாலிஷில் கோடு போட்டேன். காலையில் பார்த்தால் கோடு இரண்டு துண்டாக நிற்கிறது. "நான் தொடவே இல்ல"ன்னு நேற்று சாதித்தாயே, பின்னே பூனையா வந்து ஸ்பானர் பிடித்தது? மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்றால் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாய்?

"வண்டி ஆயிலே குடிக்கல, அளவு ஏறித்தான் இருக்கு!" என்று போனில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டாய். ஆயில் தானாக ஏறுமா? ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்து மோந்து பார். டீசல் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. நீ ஏற்றிய பிரஷரில், இன்ஜினுக்கு டீசல் தள்ளும் பெரிய பம்ப்பின் சீல் போய், டீசல் ஆயிலில் கலக்கிறது. இன்னொரு லோடு போயிருந்தால் ஆயில் நீர்த்துப்போய் மலை இறக்கத்தில் இன்ஜின் ஜாம் ஆகியிருக்கும்.

சீல் வாங்கப் போகிறேன். சோறு குக்கரில், முட்டை தட்டுக்கு அடியில்.

இப்படிக்கு,
உன் மெக்கானிக்

மறந்துவிட்டேன்: இன்று பாப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தாய். விடிந்ததிலிருந்து ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். வண்டி ஏன் போகாது என்று நான் சொல்லவில்லை. நீயே சொல்.