வாசிக்கப்படாத இரண்டாம் ஓலை

அன்பையும் எரிச்சலையும் ஒருசேர விட்டுப்போன அப்பாவுக்கு,

நீங்கள் கண்மூடி எட்டு மாதம் ஆகிறது. வேத வாசிப்பு அட்டை இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதல்லவா? காலைக் கஞ்சிக்கு முன்னால் அன்றன்றைய பகுதியை நான்தான் வாசிக்கிறேன். போன வாரத்து அட்டை எனக்கு எதிராகவே அச்சடித்ததுபோல் இருந்தது. வியாழன் கீழ்ப்படிதல், வெள்ளி பரிசுத்தம், சனி தேவ வல்லமை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி ஞானத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை திருவட்டாறுப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். ஆலயத்தில் மூன்று ஞாயிறு இருவர் பெயரையும் சொல்லிக் கல்யாண ஓலை வாசித்தால்தான் கல்யாணம் நடக்கும். முதல் ஓலை வாசித்த ஞாயிறன்றுதான் திருவிருந்தும் வந்தது.

கீழத்தெரு மாசிலாமணி அண்ணன் வழக்கம்போல் அந்தத் தெருவுக்கு ஒதுக்கிய கடைசிப் பாயில் இருந்தார். காய்ச்சலில் கிடந்த உங்களைக் கட்டிலோடு சுமந்து ஆஸ்பத்திரி வரை நடந்தவர். வழியில் நீங்கள் வாந்தி எடுத்தபோதெல்லாம் தன் தோள்துண்டால் உங்கள் வாயைத் துடைத்தவர். நான் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்வரிசையில் என் பக்கத்தில் முழங்காலிடச் செய்தேன். திராட்சரசக் கிண்ணம் வந்தது. நான் குடித்தேன், அவர் குடித்தார். அவருக்கு அடுத்து இருந்த சபை மூப்பர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாளே சபைக் கமிட்டி கூடியது. திருவிருந்து மேசையின் ஒழுங்கைக் கெடுத்துவிட்டேனாம். சபைப் புத்தகத்தை விரித்துக் காட்டினார்கள். முன்வரிசையார் பருகி முடித்த பிறகே பின்பாயில் இருப்பவர்கள் வரவேண்டும் என்று எழுதியிருந்தது. கமிட்டியில் இருந்த உங்கள் கையெழுத்து, அப்பா. கோணல் இல்லாத, அழகான கையெழுத்து. நான் செய்தது தப்பிதம் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால்தான் இரண்டாம் ஓலை வாசிப்பார்களாம்.

சுசீந்திரம் கோயிலை எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்டபோது, நல்ல காரியம் என்று நீங்கள் சந்தையில் நின்று சொன்னீர்கள். சிறுவனாக உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு நானும் கேட்டேன். இப்போது ஓட்டுச்சாவடியில் மூப்பரும் மாசிலாமணி அண்ணனும் ஒரே வரிசையில் வெயிலில் காய்ந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. நம் ஆலயத்துப் பாய்களுக்கு மட்டும் இந்தச் செய்தியை யார் சொல்லி அனுப்புவது?

வியாழக்கிழமை சவுல் ராஜாவின் கதை. கடவுள் அழிக்கச் சொன்ன ஆடுமாடுகளில் கொழுத்தவற்றை ஒதுக்கிவைத்துக்கொண்டு அகப்பட்ட கதை.

"கேட்டியாலே? ராஜாவா இருந்தாலும் சொன்னதக் கேக்கணும்" என்றாள் அம்மா.

"ஆரு சொன்னத? கடவுள் சொன்னதயா, கமிட்டி சொன்னதயா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்லே."

"கடவுளு எப்பம் கமிட்டில சேந்தாரு?"

"நாக்குக்கு ஒரு கொறச்சலும் இல்ல. ஒரு ஒப்பு போட்டா ஒனக்க கை முறிஞ்சா போவும்?"

சவுல் கடைசியில் ஒப்புக்கொள்ளும் காரணம் அட்டையில் இல்லை, வேதப் புத்தகத்தில் இருக்கிறது. ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் பேச்சைக் கேட்டானாம். வருஷா வருஷம் இதை வாசித்தீர்களே, ஒரு தடவைகூட உங்களைக் குத்தவில்லையா?

வெள்ளிக்கிழமை ஊசாவின் கதை. மாடு இடறியபோது வண்டியிலிருந்து சரிந்த கடவுளின் பெட்டியைத் தாங்கக் கை நீட்டினான், அங்கேயே செத்தான். "பாத்தியா? தொடக்கூடாதத் தொட்டா அதுதான் கெதி" என்றாள் அம்மா. இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. விழப்போனதைப் பிடித்தவனைக் கொல்வது என்ன நியாயம்? புத்தகத்தை மூடிவிட்டுக் கஞ்சி குடிக்காமல் வயலுக்குப் போனேன்.

சனிக்கிழமை குஷ்டரோகியை இயேசு தொட்ட பகுதி. வாசித்துக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். தொட்டவருக்கு நோய் ஒட்டவில்லை. நோயாளிக்குச் சுத்தம் ஒட்டிக்கொண்டது. வல்லமை என்றால் இதுதானே? மாசிலாமணி அண்ணன் வாய் வைத்ததும் கெட்டுப்போகிற பரிசுத்தம் என்ன பரிசுத்தம்? அம்மாவிடம் இதைக் கேட்டேன். அவள் பானையைத் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

ஞானம்தான் பேசினாள். "அண்ணே, எனக்காண்டி நீ ஒப்பிடாத. பொறவு சாவுத வரைக்கும் அதச் சொல்லிக் காட்டுவ. என்னால கேக்க முடியாது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அடுக்களைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

நான் ஒப்பிடவில்லை. ஞாயிறன்று போதகர் ஓலைகளை வாசித்தார். வேறொரு ஜோடியின் பெயர் வந்தது. ஞானத்தின் பெயர் வரவில்லை. பாட்டுக்கு எல்லாரும் எழுவதற்குள் அம்மா எழுந்து போதகரிடம் கேட்டுவிட்டாள்.

"ஐயரே, எனக்க பிள்ளைக்க பேரு எங்க?"

"கமிட்டி தீர்மானம், அம்மா."

"கூட்டிட்டு வந்தவன் அவன். அவளுக்க பேர என்னத்துக்கு வெட்டினிய?"

மூப்பர் கண்ணாடியைத் துடைத்தார். உங்கள் மனைவி, கமிட்டியும் கடவுளும் ஒன்று என்ற உங்கள் மனைவி, முன்பாய்களைத் தாண்டி விறுவிறுவென்று நடந்து கடைசிப் பாய்க்குப் போனாள். "ஏட்டி, கொஞ்சம் நவுந்து இரி" என்று மாசிலாமணி அண்ணனின் மனைவியிடம் சொல்லி, அங்கேயே உட்கார்ந்தாள். ஞானம் பின்னாலேயே போனாள். கடைசியாக நான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத்தான் திட்டினாள். "எல்லாம் ஒன்னாலதாம்லே." ஆனால் ஒப்பிடச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு நடந்ததை மறைக்காமல் எழுதிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. கல்யாணம் நின்றுபோனாலும் போகலாம். தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் ஞானம் வாசலுக்கு வருகிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் அந்த வரிகளை எழுதாமல் இருந்திருக்கக் கூடாதா, அப்பா?

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த திருவிருந்தில் நாங்கள் மூன்று பேரும் கடைசிப் பாயிலிருந்துதான் எழுந்து போவோம். உங்களைச் சுமந்தவர் குடித்த பிறகு, அதே கிண்ணத்தில், அவர் வாய் வைத்த இடத்திலேயே நான் குடிப்பேன்.

உங்கள் எழுத்துக்குக் கீழ்ப்படியாத,
உங்கள் பிடிவாதத்தை அப்படியே கொண்டு பிறந்த மகன்,
தேவதாசன்