இடது பக்கத்து விளக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நல்லபடியாக இருக்கிறோம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். உன் இருமல் நின்றதா, போனில் பேசும்போதே மூச்சு வாங்கினாய், வெந்நீரைத் தவிர எதையும் குடிக்காதே. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறாள், இது அவள் காதில் விழக்கூடாத சங்கதி.

உன் அண்ணனுடைய காரை விற்றாயிற்று. அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வித்துத் தொலைங்கப்பா, அது வாசல்ல நிக்கிற வரைக்கும் அம்மா தேற மாட்டாங்க என்று போன தடவை வந்தபோது நீதான் அழுதாய். எனக்கும் தெரியாமல் இல்லை. பனி மூடிய காலையெல்லாம் அம்மா எழுந்துபோய் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு நிற்பாள், நீயே பார்த்தாய். ரொட்டிக் கம்பெனியில் ராத்திரி வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலேயே மூடுபனி விளக்கை அணைத்து அணைத்துப் போடுவானே, அதைப் பார்த்து அம்மா ஓடிப்போய் திறப்பாளே, அந்தப் பழக்கம். அவன் வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று, கூட வேலை பார்த்தவர் நம்மிடம் சொல்ல அவன் காரையே ஓட்டிக்கொண்டு வந்தார், பாவம் அவருக்கு என்ன தெரியும், பனிக்காக விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தார், அம்மாவும் வழக்கம்போல் திறந்தாள். இறங்கியது வேறு ஆள். இதுவரை உனக்குத் தெரியும், தெரியாதது ஒன்று இருக்கிறது. அன்றைக்கு வண்டியில் எரிந்தது ஒரே விளக்கு. இடது பக்கத்துப் பல்பை அதற்கு முந்தின வாரம்தான் அவன் தன் கையாலேயே மாற்றி, இரண்டும் பளிச்சென்று எரிவதை அம்மாவிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். ஒருநாள் பொறுக்காமல் நான் அதட்டியதற்கு, அன்னைக்கு வந்தது ஒத்த விளக்குங்க, அவன் வண்டிக்கு ரெண்டு விளக்கு, அவன் இன்னும் வரலை என்றாள். பால் இன்னும் வரவில்லை என்று சொல்வதுபோல் சொன்னாள்.

காரை வாங்க வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரிங்க, ஒரு கண்ணு மட்டும் அவிஞ்சிருக்கு, அதைச் சரிபண்ணி வைங்க, ஞாயித்துக்கிழமை எடுத்துக்கறேன் என்று சொல்லி, தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். இரண்டும் எரிவதைப் பார்த்தால் அம்மா என்ன ஆவாளோ, அவன் வந்துவிட்டான் என்று ஓடிவந்து என்னைப் பார்த்தால் என்ன செய்வாளோ. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் விளக்கைப் போட்டுப் போட்டுப் பார்ப்பார், அதனால் நானே மாற்றிவிட்டு, அவள் குளிக்கப் போகும் நேரத்தில் ஒரு தடவை எரியவிட்டுப் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

வேலை சின்னதுதான், உடம்புதான் பெரியது. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து, சக்கரத்துக்கு மேலே வளைவாக இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மறைப்பின் திருகுகளைக் கழற்றி, அதை விலக்கிப் பிடித்துக்கொண்டு பம்பருக்குப் பின்னால் கையை விட வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரல்தான் தேட வேண்டும். வண்டியோ தரையோடு ஒட்டிக்கிடப்பது, என் தொப்பையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். ஒருவழியாக ஒயரைப் பிடுங்கி, பல்பைத் திருகி வெளியே எடுத்தேன். அந்தப் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக்கூடாது, விரல் பிசுக்கு சூட்டில் வெந்து பல்பு சீக்கிரம் போய்விடும், துணியால்தான் பிடிக்க வேண்டும். உன் அண்ணனிடம் இதைத் தலைபாடாய் அடித்துக்கொண்டேன், என் பேச்சை எப்போது கேட்டான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் கண்ணாடியில் வெள்ளையாகப் பாதிக் கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, குறுக்கே ஒரு வெட்டு. சின்ன வயதில் தகர டப்பாவைத் திறக்கப்போய்க் கிழித்துக்கொண்டானே, ரத்தத்தைப் பார்த்து நீ மயங்கி விழுந்தாயே, அந்தத் தழும்பு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன் மகளே. அவன் தொட்டதால்தான் அந்த விளக்கு போயிருக்கிறது, அது போனதால்தான் உன் அம்மா இத்தனை நாளும் கேட்டில் நின்றிருக்கிறாள்.

புதுப் பல்பைத் துணியால் பிடித்து மாட்டினேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் காருக்குள் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். வெளியே நல்ல பனி. இரண்டு விளக்கும் கேட்டின்மேல் அடித்தன, கேட்டு திறந்திருந்தது, நடுவில் உன் அம்மா நின்றாள். தண்ணீரைத் திறந்துவிட்டு எப்போது வெளியே வந்தாளோ தெரியாது. எனக்கு விளக்கை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. வெளிச்சத்துக்குள்ளேயே நடந்து வந்து, குனிந்து ஜன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நீங்களா என்றாள். நான்தான் என்றேன். சரி, வித்துடுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குத்தான் அழுதாள், அவன் போனபோதுகூட அழாதவள், தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கார் போனது, அம்மாவே கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், விடிந்தும் தூங்குகிறாள், என் சட்டையில் கிரீஸ் கறை என்று வாய் ஓயாமல் திட்டினாள், கேட்கச் சுகமாக இருந்தது. பழைய பல்பைப் பஞ்சில் சுற்றி என் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நீ வரும்போது காட்டுகிறேன், துணியோடு வாங்கிப் பார், அதை அழித்துவிடாதே. அம்மாவிடம் மட்டும் மூச்சு விடாதே, விளக்கு போனதற்கு அவன் விரல்தான் காரணம் என்று தெரிந்தால் மறுபடி எதையாவது பிடித்துக்கொள்வாள்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், சண்டை போட்டாலும் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். இருமலுக்கு டாக்டரைப் பார்க்க மறக்காதே. இன்று காலையும் இங்கே நல்ல பனி. அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பவில்லை. நான்தான் போய் கேட்டைத் திறந்து வைத்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா