அண்ணன் தொகுதி

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் பிரதமராகப் பதவியேற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். உறுதிமொழியைத் தடுமாறாமல் வாசித்தீர்கள். பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். பிரதமராக இருந்த அண்ணன் இறந்ததும் கட்சிப் பெரியவர்கள் மூவரும் உங்களைத் தேடி வந்தது ஏனென்று எல்லோருக்கும் தெரியும். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். அமைச்சர்கள் வந்தால் டீத்தட்டோடு கதவோரம் நின்றவர்தானே நீங்கள்.

சுவரொட்டியில் அண்ணன் தோள்மேல் ஒரு கை தெரிகிறது. "எப்பேர்ப்பட்ட பொண்டாட்டி பாரு" என்று ஜனங்கள் உருகுகிறார்கள். அது என் கை. குடும்பப் படத்திலிருந்து என்னை வெட்டியவர்கள் கையை விட்டுவிட்டார்கள். போகட்டும். அண்ணன் தொகுதி காலியாக இருக்கிறது. வீடு வீடாக ஏறி இறங்கி அதை அவருக்காகக் காத்தவள் நான். அதை எனக்குக் கொடுங்கள். வேறெதுவும் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

மார்ச் 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள், கோபம் உனக்கு ஆகாது.

டீத்தட்டோடு நிற்பவளை யாரும் ஓர் ஆளாக நினைப்பதில்லை. யார் காலை எப்போது வாருவது என்று அவள் எதிரிலேயே பேசுவார்கள். அப்படிக் காதில் விழுந்ததை வைத்துத்தான் அந்தப் பெரியவர்கள் மூவரையும் இந்த வாரம் வீட்டுக்கு அனுப்பினேன். ஒருவர் அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை.

தொகுதியை என் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு அரசியல் தெரியாதுதான். சொன்னதைச் செய்வான், எனக்கு அது போதும். சுவரொட்டியில் இருக்கும் கையையும் அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அண்ணி

நவம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு வருடமாக எழுதவில்லை. உங்கள் அமைச்சர்கள் உட்காருவதற்குக்கூட உங்கள் முகத்தைப் பார்க்கிறார்களாம். கேட்டுச் சிரித்தேன்.

நேற்று உங்கள் தம்பி வந்திருந்தார், அந்தப் பெரியவர்கள் மூவரோடு. "எங்கக்காவை இனிமே தாங்க முடியாது. நாளைக்குக் கட்சிப் பொதுக்குழுக் கூட்டத்துல அவங்களை இறக்கப் போறோம், உறுப்பினரா உங்க ஓட்டு வேணும். என் தொகுதியை நீங்க எடுத்துக்கோங்க, எனக்கு அவங்க நாற்காலி போதும்" என்றார். பாதியில் மறந்துபோய்ப் பெரியவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் எடுத்துக்கொடுத்தார்கள்.

அவரைக் கண்டாலும் எனக்கு இளக்காரம்தான், உங்களைக் கண்டாலும் இளக்காரம்தான். அண்ணன் இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பார். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

போன் செய்து முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. இதைச் சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன். கிடைக்கும்போது கூட்டம் முடிந்திருக்கும். பிரதமர் இல்லத்துக்கு அனுப்பினால் அதற்குள் அங்கே குடிவந்திருக்கும் வேறு யாராவது பிரித்துவிடுவார்கள். அதனால் உங்கள் அம்மா வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்