காதுக்குள்ள இறுகின ஜெல்

சிதம்பரம்,
14.7.2009

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம்தான். உன் முட்டிவலி தேவலையா? எங்க லேப்ல சீனியர் சிந்துஜா அக்கா புண்ணுக்குப் போட ஒரு ஜெல் செய்யறாங்க. ஃப்ரிட்ஜ்ல தண்ணியா இருக்கும், உடம்புச் சூட்டுல இறுகிடும், குளுந்தா மறுபடி தண்ணியாயிடும். ரூம்மேட் சிலம்பரசன் ராத்திரி பாடற பாட்டுக்குப் பயந்து, அதைத் திருடி ரெண்டு காதுலயும் ஊத்திக்கிட்டேன். பசங்க சிரிச்ச சத்தம் எனக்குத்தான் கேக்கல.

அக்கா குளுந்த தண்ணி விட்டதுல வலது காது சரியாயிடுச்சு. இடதுலயும் ஜெல் கரைஞ்சிடுச்சுங்கறாங்க, ஆனா ரெண்டு நாளா கேக்கல. வலப்பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா உலகமே ஆஃப் ஆயிடுது. ஃபோன்ல உன் குரல் கேட்டா அழுதுடுவேன், அதான் லெட்டர்.

திங்கக்கிழமை காது டாக்டர். நீயும் வா. என் தலையணையை எடுத்துட்டு வா. மாமாகிட்ட சொல்லாத. தபால்காரர் பெட்டியைத் தொறக்கறார், சீக்கிரம் முடிக்கறேன். எது சொன்னாலும் காதுல ஏறாதுன்னு திட்டுவியே, வந்து இடது காதுல திட்டிப் பாரும்மா.

உன் மகன்,
அன்பரசு